முன்னூற்றுநாலு: தீவகத்துச் சீட்டாட்டத்தின் பூர்வோத்தரம்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பிலே, போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டையை 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் முற்றுகையிட்டுக் கைப்பற்றி, 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாகுங்காறும் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தைக் காத்துநின்றனர் என்பது சரித்திரம் படித்தோர் யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த ஒல்லாந்தர் காலம் இலங்கையிலே விட்டுச்சென்றவற்றுள், கோட்டை மதில்களைப் போலவே அழியாமல், அவற்றினும் அதிகமாக ஜனங்களின் கையிலே புழங்கிவருவது ஒரு சீட்டுக்கட்டு என்பதை எடுத்துச் சொல்வார் அரியர்.

கிளாவர், ஆடுதன் என்று தமிழரும், இஸ்கோப்ப, ஹாரத என்று சிங்களரும் சீட்டின் இனங்களுக்கு வழங்கிவந்த பெயர்கள் ஒல்லாந்த மொழியின் வழிவந்தவை. இதனினும் வலிய சாட்சி, யாழ்ப்பாணத்தார் 'முன்னூற்றுநாலு' என்று வழங்கும் ஆட்டத்தின் அமைப்பிலேயே உண்டு. இராசாவும் இராணியும் தாழ்ந்துநிற்க, அவர்களுக்கு ஏவல் செய்யும் ஜாக்கும் அவனுக்கு அடுத்தபடியாக வெறும் ஒன்பதும் தலைமை பெறுகின்ற அந்த விசித்திரமான வரிசை, ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் முதலான ஐரோப்பிய ஆட்டக் குடும்பத்தின் சிறப்பு லட்சணமாகும். அங்கே மற்றெல்லா இனங்களையும் வெல்லும் துரும்பு இனத்திலே மாத்திரம் ஜாக்குக்கு 20 புள்ளியும் ஒன்பதுக்கு 14 புள்ளியும் கிடைக்க, இங்கோ அந்த மகிமை நான்கு இனங்களுக்கும் உரியதாயிற்று. ஐம்பத்திரண்டிலே இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 சீட்டுகளைத் தள்ளி, எஞ்சிய 32இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என்று விலையிட்டு, இனம் ஒன்றுக்கு 76ஆக நான்கினத்துக்கும் கூடிவரும் 304 என்ற தொகையையே ஆட்டத்தின் நாமமாகச் சூட்டிவிட்டனர். கேரளத்தார் இதே வரிசையை 3, 2, 1, 1 என்று சுருக்கி 'இருபத்தெட்டு' ஆடுகின்றனர். இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதிலே எனக்குச் சந்தேகமில்லை.

ஆட்டத்தின் உயிர் துரும்பிலே இருக்கிறது. எதிரெதிரே அமரும் இருவர் கூட்டாளிகளாக நால்வர் ஆடுகையில், முதலில் ஆளுக்கு நான்கு சீட்டே வரும். அந்நான்கை மாத்திரம் கண்டு, இன்னும் வரவிருக்கும் நான்கின் மேல் நம்பிக்கை வைத்து, 160க்குக் குறையாமல், அதாவது மொத்தத்திற் பாதியான 152ஐயும் கடந்து, கேட்கத் துணிய வேண்டும். அதிகம் கேட்டவர் தம் நான்கினுள் ஒன்றைத் துரும்பாகத் தெரிந்து கவிழ்த்துவைத்த பின்னரே மிகுதிச் சீட்டுகள் பகிரப்படும். அது எந்த இனம் என்பது அவருடைய கூட்டாளிக்குங்கூடத் தெரியாது. இறக்கிய இனம் தன் கையில் இல்லாதவன் துரும்பென்று ஊகித்து ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவான். சுற்று முடிந்ததும் துரும்பு வைத்தவரே அதனை எடுத்துப் பார்த்து, துரும்பாயின் வெளிப்படுத்தி, அன்றாயின் ஒன்றும் பேசாமல் மீண்டும் கவிழ்த்துவிடுவார். வழக்கிலே சம்பந்தப்பட்டவரே நியாயாதிபதியாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு, எதிரியின் சத்தியத்தின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது. இத்தனை நுட்பமான விதியை வகுத்தவர்கள் தம் பெயரை எங்கும் பொறித்து வைக்கவில்லை.

திருக்குறள் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருத்தலால், சீட்டைத் தொட்டவன் கெட்டான் என்று நம் பெரியோர் கண்டித்தது இயல்பே. ஆயினும் பந்தயப் பணமின்றி, மானமொன்றே பணயமாக, கலியாண வீட்டுப் பந்தலிலும், செத்தவீட்டிலே இரவெல்லாம் கண்விழித்திருக்கும் உறவினர் நடுவிலும் ஆடப்பட்டுவந்த முன்னூற்றுநாலை அந்தக் கண்டனத்துக்குள் அடக்குதல் நீதியன்று. 'காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை' என்ற பழமொழிக்கு இலக்காகி, இலங்கையின் மூலைமுடுக்கெல்லாம் கடை வைத்து வாழ்ந்த, காரைதீவு என்று முன்னர் வழங்கிய காரைநகரின் வணிகர் போன்றோருக்கு, ஊரையும் உறவையும் பிரிந்த இடத்திலே இத்தகைய ஆட்டம் எத்துணை ஆறுதலாயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1990களின் தொடக்கத்திலே யுத்தம் காரைநகரின் ஜனங்களைப் பெருந்தொகையாக இடம்பெயர்த்தது. கடல் கடந்தோர் பலர். கனடாவிலும் இங்கிலாந்திலும் பழைய மாணவர் சங்கங்கள் தம் ஒன்றுகூடல்களிலே முன்னூற்றுநாலுப் போட்டி வைக்கும் அளவுக்கு அவ்வாட்டமும் உடன்சென்றது. ஆள் கூடிய இடத்திலே, தள்ளிய ஆறுகளை மீட்டுச் சேர்த்து 36 சீட்டாக்கி, மும்மூவர் கூட்டாக அறுவர் ஆடுவர். ஆறுக்குப் புள்ளியில்லையாதலால் தொகை 304ஆகவே நிற்கும்.

பழைய ஆட்டம் இவ்வாறு வாழ, புதிய சீட்டாட்டங்களும் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஆடுவோரே தத்தம் சீட்டுக்கட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டும் புதுவகை ஆட்டம், 2008இல் வெளிவந்த 'டொமினியன்' என்பதன் மூலம் உலகெங்கும் பிரசித்தமாயிற்று. 2009 முதல் நடைபெற்றுவரும் 'குளோபல் கேம் ஜாம்' என்னும் கூட்டு முயற்சியிலே, பங்குபற்றுவோர் சில நாட்களுக்குள் ஒரு புதிய விளையாட்டை ஆக்கி முடிக்கின்றனர். காரைநகரிலோ தொறன்ரோவிலோ வளரும் நம் பிள்ளை ஒருவர் அத்தகைய அமர்விலே கணினியில் ஆடும் ஒரு சிறு சீட்டாட்டத்தை ஆக்கப் புகுவாராயின், கவிழ்த்துவைத்த துரும்பை முதலிலே கற்றுக்கொள்வாராக. எல்லாச் சீட்டையும் தானே அறிந்திருக்கும் கணினிக்கு எதிரியின் சத்தியம் வேண்டுவதில்லை. அதனை வேண்டுவதாக்கும் விதியொன்றை அவர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.