கொசஸ்தலையைத் தேடினால் கிடைக்குமா?

எண்ணூரைப் பற்றித் தமிழில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு இருக்குன்னு வச்சுக்குவோம். கழிமுகம், மீனவர் குப்பங்கள், 1970-இல் வந்த அனல்மின் நிலையம், 2001-இல் தொடங்கிய துறைமுகம் எல்லாம் அதில் உண்டு. பிடிஎஃப்பைத் திறந்தால் எழுத்து பளிச்சுன்னு தெரியுது. 'எண்ணூர்' என்று தேடினால் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன்?

வினை பழசு. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. பாமினியில் 'எ' இருப்பது ஆங்கில 'வி'யின் இடம். மெய்ப்புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடம். நம் கண்ணுக்கு அது எண்ணூர், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. அதுவும் ஆளுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியதும், அரசு டாம், டாப் தரங்களை ஏற்றதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தும், தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-இல்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் யுஜிசி ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயமாக்கியது. அவற்றைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் சோத்கங்கா. பழைய எழுத்துருவில் தட்டிய ஆய்வேட்டைப் பிடிஎஃப் ஆக்கினால், படிக்கலாம், தேட முடியாது.

சரி, யூனிகோடில் தட்டினால் போதுமா? போதாது. 1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப்புக்கு, எந்த வடிவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கவலை. கொசஸ்தலை ஆற்றையே எடுத்துக்குங்க. யூனிகோடில் 'க' முதலில், ஒகரக் குறி பிறகு. பக்கத்திலோ கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கோப்பிலும் அதே வரிசை பதிந்தால், தேடலில் ஆறு காணாமப் போயிடலாம். வடிவத்தை எழுத்தோடு இணைக்கும் 'டூயூனிகோட்' அட்டவணை உள்ளே இருந்தால் 'ணூ' பிழைக்கும். முன்னால் வந்து நிற்கும் கொம்புக்கு அது போதாது. மூல எழுத்துகளை அப்படியே சொல்லும் 'ஆக்சுவல்டெக்ஸ்ட்' குறிப்பும் வேணும்.

எழுத்துருவை உள்பொதிந்தால் எல்லாம் சரியாயிடும்னு பலர் நினைக்கிறாங்க. அது காப்பது தோற்றத்தை மட்டும். அதனால் சமர்ப்பிக்கும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. 'கொ', 'தை', 'ணூ' மூன்றும் உடையாமல் வருதா? வரலைன்னா வேறு மென்பொருளில் ஏற்றுமதி செய்யுங்க. மூலக் கோப்பையும் பத்திரமா வச்சுக்குங்க. ஒரு குப்பத்தின் பெயர் அந்த ஒரு ஆய்வேட்டில் மட்டும் பதிவாகியிருக்கலாம். பின்னால் வருகிறவர் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுவார்.