கந்தல் போர்வை

மனு தர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு உரிய உடை எதுவென்று சொல்கிறது: செத்தவர் துணி. அந்த நூல் 1927 டிசம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகாடில் எரிக்கப்பட்டது. அங்கு கூடிய பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீர்கள் என்றும் அவர் சொன்னார். துணி வெறும் துணியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நமக்கும் தெரியும். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மூடக் கூடாது. இதை ஹட்டன் தன் நூலில் பதிந்திருக்கிறார். எங்கள் திருத்தங்கலும் 1985 வரை அந்த மாவட்டந்தான்.

எங்க தெருவில் எழுதின தடை எதுவும் கிடையாது. சம்சாரி வீட்டு வேலைக்குப் போனால் நல்லது கெட்டதுக்கு ஒரு பழஞ்சேலை கிடைக்கும். அதைக் கட்டிக்கொண்டு நடந்தால், “இது எங்க வீட்டுச் சேலைதான?” என்று கேட்க ஆள் இருந்தது. அது போதாதா?

என் பாட்டி அந்தச் சேலைகளைக் கட்ட மாட்டாள். நைந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல துண்டுகளை அடுக்கடுக்காய் வைத்து, ஓரம் மடித்து, நெருக்கமாய் ஓட்டுத்தையல் போடுவாள். தீப்பெட்டி ஒட்டி முடிந்த பிறகு ராத்திரியில்தான் இந்த வேலை. நூல் வாங்கக் காசில்லை. சேலைக்கரையிலிருந்து உருவிய நூல்தான். சிவப்பு நூல் கிடைத்தால் நாலு மூலையிலும் கோலம் எழுந்துவிடும். “அவுக குடுத்தத அப்பிடியே கட்டுனா அவுக சேலை. வெட்டித் தச்சுட்டா எம் போர்வை” என்பாள்.

புத்தரின் பிக்குகளும் சுடுகாட்டிலும் குப்பையிலும் கிடந்த துணியைப் பொறுக்கித் தைத்துத்தான் சீவரம் போர்த்தினார்கள். மகத நாட்டு வயல்களின் வரப்பைப் போல அந்தத் துண்டுகளை ஆனந்தர் இணைத்ததாக விநயம் சொல்கிறது. மனு இழிவென்று சுமத்திய அதே துணியைப் பிக்குகள் தாங்களாகவே எடுத்தார்கள். பாட்டிக்கு அது விரதமில்லை, வறுமை. ஆனாலும் ஊசி எடுத்தது அவள் முடிவு.

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலையில் இப்படியே தைத்த காந்தா, கல்கத்தா அருகே ஜோக்காவில் குருசதய் தத் சேர்த்த அருங்காட்சியகம் வரை போனது. எங்க பாட்டிகளின் போர்வைகள் தொட்டில் துணியாகி, கரித்துணியாகி, அடுப்படியில் முடிந்தன. தைத்தவள் பெயரும் கூடவே போச்சு. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடினால் எப்படிக் கிடைக்கும்? உங்க வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு கந்தல் போர்வை மிஞ்சியிருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். யார் தைத்தது, எந்த வீட்டுச் சேலை, எந்த வேலைக்குக் கிடைத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் ஆவணம்.