பத்து தடவை, மூணு செட்: யார் போட்ட கணக்கு?

ஜிம்முக்குப் போற யாரைக் கேட்டாலும் சொல்ற முதல் மந்திரம், "பத்து தடவை, மூணு செட்". ஏன் பத்து, ஏன் மூணுன்னு கேட்டுப் பாருங்க, மாஸ்டர் நம்மள ஏற இறங்கப் பார்ப்பார். அந்தக் கணக்குக்குப் பின்னாடி ஒரு ராணுவ ஆஸ்பத்திரியும், இரண்டாம் உலகப் போரில் முட்டி போன சிப்பாய்களும் இருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு கன்னுக்குட்டியும் இருக்கு.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. இன்றைய இத்தாலியின் தெற்கே இருந்த கிரேக்க நகரம் குரோட்டன். அந்த ஊர் மல்யுத்த வீரர் மைலோ, ஒலிம்பிக்கில் 6 தடவை ஜெயிச்சவர். அவர் ஒரு கன்னுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கி நடந்தாராம். குட்டி வளர வளர அவர் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கிட்டாராம். கதைதான். ஆனா "கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டு"ங்கற யோசனை அப்பவே வந்தாச்சு. ஒரே சிக்கல், அடுத்த எடை என்னன்னு முடிவு பண்றது நாம இல்ல, கன்னுக்குட்டி. அது நமக்காக ஒரு வாரம் வளராம காத்திருக்காது :-)

நம்ம தென் மாவட்டத்து இளவட்டக்கல் இதுக்கு நேரெதிர். கல்லு வளரவே வளராது. தூக்கிட்டா வீரன், தூக்கலன்னா ஒண்ணுமில்ல. இலக்கு கண்ணு முன்னாடி உருண்டையா கிடக்கு, ஆனா அங்க போய்ச் சேர நடுவுல படிக்கட்டு கிடையாது.

படிக்கட்டைக் கடைச்சரக்காக்கி வித்தவர்களில் முக்கியமானவர் ஆலன் கால்வர்ட். 1902-ல் ஃபிலடெல்ஃபியாவில் இவர் ஆரம்பிச்ச கம்பெனிக்குப் பேரே மைலோ பார்பெல் கம்பெனி! எடையைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி பார்பெல் செஞ்சு வித்தார். அடுத்த எடையை முடிவு பண்ற அதிகாரம் தூக்குறவன் கைக்கு வந்துச்சு. ஆனாலும் டாக்டர்கள் இதை மதிக்கலை. கனமான எடை தூக்கினா தசை இறுகி உடம்பு வளையாது, இதயம் கெட்டுப்போகும்னு பல பேர் நம்பின காலம் அது.

இனிதான் முக்கியமான ஆள் வர்றார். தாமஸ் டிலோர்ம். சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். எழுந்ததும் எடை தூக்க ஆரம்பிச்சு உடம்பைத் தேத்தினார். அப்புறம் டாக்டருக்குப் படிச்சு, 1940-களின் நடுவில் சிகாகோவின் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்க முட்டி ஆபரேஷன் முடிஞ்ச சிப்பாய்கள் குவிஞ்சு கிடந்தாங்க. தொடைத் தசை சூம்பிப் போய், எழுந்து நின்னா முட்டி தாங்காது. அப்போதைய வழக்கப்படி லேசான எடையை நிறைய தடவை தூக்க வைப்பாங்க, சைக்கிள் மிதிக்க வைப்பாங்க. பலம் திரும்ப மாசக்கணக்கில் ஆச்சு, படுக்கைகளும் காலியாகலை.

டிலோர்ம் வேற வழியில் போனார். பாதத்தில் இரும்பு பூட்ஸ் மாட்டி, அதில் பிளேட் சேர்த்து, உட்கார்ந்தபடி காலை நீட்ட வைத்தார். "பத்து தடவை தூக்க முடியணும், பதினோராவது முடியக்கூடாது. அந்த எடை எவ்வளவு?" இதைத்தான் அளவுகோலா வச்சார். வாராவாரம் அதைத் திரும்ப அளந்து எடையைக் கூட்டினார். தசை தேறுச்சு, முட்டி தாங்குச்சு. 1945-ல் கட்டுரையா வெளியிட்டார்.

ஆரம்பத்தில் மொத்தம் 70 முதல் 100 தடவை தூக்கச் சொன்னவர், அவ்வளவு தேவையில்லைன்னு கண்டுகிட்டார். 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸுடன் எழுதின கட்டுரையில் அது மூணு செட்டா சுருங்குச்சு. பத்து தடவைக்கான உங்க எடை 20 கிலோன்னு வைங்க. முதல் செட் பாதி எடை, அதாவது 10 கிலோ. ரெண்டாவது முக்கால், 15 கிலோ. மூணாவது முழு 20. நம்ம மாஸ்டரோட மந்திரம் பிரபலமானதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. "கனமான எடைப் பயிற்சி"ங்கற பேரையும் "படிப்படியாகக் கூடும் எடைப் பயிற்சி"ன்னு மாத்திட்டாங்க. எனக்குப் பிடிச்ச திருத்தம் இது. கனம் முக்கியமில்லை, படிதான் முக்கியம்.

இதில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. சிப்பாய்க்குக் கடைசி இலக்கு நடக்கிறது. ஆனா இன்னைக்கு செய்ய வேண்டிய வேலை அது இல்ல, இன்னைக்கு வேலை இந்த 20 கிலோ. "மூணு மாசத்துல சிக்ஸ் பேக்"னு ஜனவரியில் பணம் கட்டிட்டு பிப்ரவரியில் காணாமப் போற நம்மாளுங்க கையில் இருக்கிறது இளவட்டக்கல்தான். ரெண்டாவது, எதுக்காகங்கறது தெளிவா இருக்கணும். கனமான எடை, குறைஞ்ச எண்ணிக்கை பலத்துக்கு. லேசான எடை, அதிக எண்ணிக்கை தாக்குப்பிடிக்கும் சக்திக்கு. ஒண்ணு இன்னொண்ணோட வேலையைச் செய்யாதுன்னு டிலோர்ம் அடிச்சுச் சொன்னார். அவ்வளவு கறாரா பிரிக்க முடியாதுன்னு பிற்கால ஆய்வுகள் சொன்னாலும், இலக்குக்கு ஏத்த பயிற்சிங்கற அடிப்படை மாறலை.

நாள் முழுக்க ஆணி புடுங்கிட்டு சாயங்காலம் ஜிம்முக்குப் போறவங்க ஒரு சின்ன நோட்டு வச்சுக்கங்க. தேதி, எடை, எத்தனை தடவை. போன வாரத்து வரிதான் இந்த வாரத்து இலக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்கோ. முட்டி வலி இருக்கிறவங்க முதலில் டாக்டரைப் பாருங்க.