யூரர் தீர்ப்பும் எண்ணும்

பலர் கூடி ஒரு முடிவு செய்யுமிடத்து அம்முடிவு மட்டுமே வெளிப்படும். அவரவர் அறிவின் எல்லை மறைந்தே நிற்கும். தொகுதியின் முடிவைக் கொண்டு தனியொருவர் பிழைபடும் அளவை அறியலாமோ என்னும் வினா பிரான்சு நாட்டிலே எழுந்தது.

1785ஆம் ஆண்டிற் கொண்டோர்சே என்னும் பேரறிஞர் ஒரு தேற்றத்தை நிறுவினார். ஒவ்வொருவரும் சரியாகத் தீர்க்கும் நிகழ்தகவு அரையினும் மிகுமாயின், ஒருவரையொருவர் சாராது வாக்களிப்போர் பெருகப் பெருகப் பெரும்பான்மை முடிவு உண்மையை அணுகும். அரையினுங் குறையுமாயின் பிழையையே அணுகும். ஆயின், அந்நிகழ்தகவு எத்துணையென அறிதற்கு அவர்பாற் சான்று இருந்திலது.

அச்சான்றினை அரசாங்கப் புள்ளிவிபரங்கள் அளித்தன. 1825 முதல் 1830 வரை, பன்னிரு யூரருள் எழுவர் உடன்படின் ஒருவரைக் குற்றவாளியாக்கலாம். அக்காலத்திற் குற்றஞ்சாட்டப்பட்டோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 61 பேர் தண்டனைக்குள்ளாயினர். 1831இல் எண்மர் உடன்படல் வேண்டுமெனச் சட்டம் மாறியது. தொகை 54 ஆயிற்று. இடைப்பட்ட 7 பேரும் சரியாக எழுவர் வாக்கினால் வீழ்ந்தவர் எனக் கொண்டார் புவாசோன். தாம் 1837இல் வெளியிட்ட நூலில், இவ்விரு எண்களினின்றும் யூரர் ஒருவர் பிழையின்றித் தீர்க்கும் நிகழ்தகவு ஏறக்குறைய முக்கால் எனவும், வழக்குக்கு முன்னரே குற்றவாளியாயிருக்கும் நிகழ்தகவு 0.64 எனவும் கணித்தார்.

வியத்தகு முயற்சி இதுவெனினும், இதன் அடிப்படை நொய்யது. யூரர் பெரும்பாலும் பிழையே செய்வர், குற்றஞ்சாட்டப்பட்டோருட் பெரும்பாலார் நிரபராதிகள் என்று கொள்ளினும் அதே எண்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றைத் தள்ளியது கணிதமன்று, மனிதரின் நல்லறிவில் வைத்த நம்பிக்கையே. மேலும், பன்னிருவரும் கேட்டது ஒரே சாட்சியம். சாட்சி பொய்க்குமிடத்து அனைவரும் ஒருங்கே வழுவுவர். 1830இல் நிகழ்ந்த புரட்சிக்குப் பின்னரும் மக்கள் மனப்பாங்கு மாறாதிருந்தது எனல் வேண்டும். அன்றியும், கிடைத்தது சராசரியே. கூர்மதியாளரும் மந்தமதியாளரும் அதனுள் ஒன்றாய்க் கரைந்தனர். அறவியல் விடயங்களைக் கணிதத்தால் அளத்தலைப் புவான்சோ எதிர்த்தார். ஜோன் ஸ்டுவாட் மில்லும் வன்மையாகக் கண்டித்தார்.

எனினும், தீர்ப்பும் பிழைபடும், அப்பிழையும் ஆராயத்தக்கது என்னும் கருத்து நிலைத்தது. ஒருவன் உயிரும் மானமும் ஒரு வாக்கிலே தங்கியிருக்குமிடத்து, எழுவர் போதுமா எண்மர் வேண்டுமா என்பது வெறுங் கணக்கன்று. ஆகவே, எண்ணைப் போற்றுவோர் அவ்வெண் எவ்வெடுகோளின் மேல் நிற்கின்றது என்பதையும் ஆராய்தல் கடனாம்.