கால்நடைச் செவிலியரின் அறுவைப் பயிற்சி: பிரித்தானிய வரலாறு

கால்நடைச் செவிலியர் (வெட்டினரி நர்ஸ்) என்பவர் நோயுற்ற விலங்குகளைக் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில் பேணுவதற்குப் பயிற்சி பெற்றவர் ஆவார். இவர் கற்கும் பாடங்களுள் அறுவைச் செவிலிப் பணி முதன்மையானது. அறுவைக்கு முன் விலங்கை ஆயத்தப்படுத்துதல், கருவிகளைக் கிருமி நீக்குதல், மயக்க நிலையைக் கண்காணித்தல், விலங்கு கண் விழிக்கும் வரை உடனிருத்தல் ஆகியவை இதில் அடங்கும். பிரித்தானியாவில் இப்பணிக்கான முதல் பயிற்சி நிலையம் 1908இல் தோன்றியது. இவர்கள் சிறு அறுவை செய்வதற்குச் சட்டம் இடமளித்ததோ 1991இல்தான். இடைப்பட்ட 83 ஆண்டுகளிலும் வேலை முன்னே சென்றது. பெயரும் உரிமையும் பின்னால் மெல்ல வந்தன.

பின்னணி

மயக்க மருந்து இல்லாத காலத்தில் விலங்குக்கு அறுவை செய்வதென்றால் அதைக் கட்டிப்போட்டு, ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, விரைவாக அறுத்து முடிப்பதே வழக்கம். அங்கே தேவைப்பட்டது உடல் வலிமைதான், படிப்பு அன்று. 1846இல் ஈதரும் 1847இல் குளோரோபார்மும் மனித அறுவை மருத்துவத்திற்கு வந்தன. விரைவிலேயே அவை விலங்குகளுக்கும் பயன்பட்டன. 1867இல் ஜோசப் லிஸ்டர் தம் கிருமித்தடுப்பு முறையை வெளியிட்டார்.

இவ்விரு மாற்றங்களும் அறுவை அரங்கின் வேலையை இரண்டாகப் பிரித்தன. கைகளைக் கழுவித் தூய்மை செய்துகொண்ட மருத்துவர், அதன் பின் நாயின் வாயையோ முகமூடியையோ தொட முடியாது. குளோரோபார்மில் போதுமான அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. எனவே மூச்சையும் நாடியையும் கவனிக்க மற்றொருவர் வேண்டும். அவர் வெறும் உதவியாளாக இருந்தால் போதாது. தாம் காண்பதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரடெரிக் ஹாப்டே போன்ற கால்நடை மருத்துவர்கள் நாய், பூனை அறுவையிலும் மயக்கவியலிலும் நூல்கள் எழுதி இத்துறையை வளர்த்தனர். 1919இல் இயற்றப்பட்ட விலங்குகள் மயக்க மருந்துச் சட்டம், குறிப்பிட்ட சில அறுவைகளுக்கு மயக்க மருந்தைக் கட்டாயமாக்கியது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் இக்கட்டாயத்தை மேலும் விரிவாக்கியது. மயக்க மருந்து கட்டாயமானபோது, மயக்கத்தைக் கண்காணிக்கும் ஆளின் தேவையும் கூடியது.

தொடக்க முயற்சிகள்

1908இல் இங்கிலாந்தில் ‘நாய்ச் செவிலியர் நிலையம்’ (கேனைன் நர்சஸ் இன்ஸ்டிடியூட்) தொடங்கப்பட்டது. மருத்துவரின் கட்டளைகளை நிறைவேற்றும் பயிற்சி பெற்றவர்களை உருவாக்குவதும், விலங்குகளிடம் பற்றுள்ள இளம் பெண்களுக்கு ஓரளவு நல்ல ஊதியம் கிடைக்கும் வேலையைத் தருவதும் அதன் நோக்கங்கள். 1913இல் ரைஸ்லிப் என்னும் இடத்தில் நாய்களுக்கான நலவாழ்வகம் ஒன்று செவிலியருடன் இயங்கத் தொடங்கியது. 1920களில் இலண்டனின் மேபேர் பகுதியில் இருந்த ஒரு கால்நடை மருத்துவகம், மனிதருக்கான செவிலியர் பயிற்சி பெற்றவர்களை விலங்குகளைக் கவனிக்க அமர்த்தியது.

இம்முயற்சிகளின் பின்னணியில் அக்காலப் பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அலீன் கஸ்ட் என்ற பெண் எடின்பரோவில் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்தது 1900இல். ஆனால் பெண் என்பதால் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டில் சேர்க்கப்படவில்லை. 1919இல் பாலின அடிப்படையிலான தகுதித் தடையை நீக்கும் சட்டம் வந்த பிறகு, 1922இல்தான் அவர் பிரித்தானியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்றார். ஆகவே 1908இல் விலங்கு மருத்துவத்தில் ஆர்வம் கொண்ட ஒரு பெண்ணுக்குச் செவிலிப் பணி என்பது திறந்திருந்த மிகச் சில வாயில்களுள் ஒன்று.

பெயர்ச் சிக்கல்

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின, குதிரைகள் குறைந்தன. கால்நடை மருத்துவர்கள் நகர்ப்புறங்களில் நாய், பூனை மருத்துவத்தை நாடினர். சிறு விலங்கு மருத்துவமனைகளில் அறுவைகள் கூடக் கூடச் செவிலியரின் தேவையும் வளர்ந்தது. 1930களின் நடுவில் இச்செவிலியர் தங்களுக்கு முறையான அங்கீகாரம் வேண்டும் என்று அரச கால்நடை மருத்துவர் கல்லூரியை (ராயல் காலேஜ் ஆப் வெட்டினரி சர்ஜன்ஸ்) அணுகினர். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இது பாடம் நடத்தும் நிறுவனம் அன்று. 1844இல் அரச பட்டயம் பெற்ற இவ்வமைப்பே அந்நாட்டில் கால்நடை மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது.

1957இல் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ‘நர்ஸ்’ என்ற சொல்லை விலங்குப் பணியாளர் பயன்படுத்துவதை மனிதருக்கான செவிலியர் துறையினர் எதிர்த்தனர். ஓராண்டுக்குள் பெயர் மாற்றப்பட்டது. 1961இல் முறையான பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, அது ‘விலங்குச் செவிலித் துணையாளர்’ என்ற பெயரிலேயே நடைமுறைக்கு வந்தது. 1965இல் இப்பணியாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். அதுவே இன்றைய பிரித்தானியக் கால்நடைச் செவிலியர் சங்கம். ‘கால்நடைச் செவிலியர்’ என்ற பெயர் அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது 1984இல். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் செவிலியரின் வேலையைச் செய்துகொண்டே அவர்கள் துணையாளர் என்று அழைக்கப்பட்டனர்.

அறுவைப் பயிற்சியின் உள்ளடக்கம்

மாணவர்கள் பாடத்தை வகுப்பறையிலும் செய்முறையை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையிலும் கற்பதே பிரித்தானிய முறை. அறுவைச் செவிலிப் பாடத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அறுவைக்கு முன். நாயும் பூனையும் மயக்கத்தில் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும் என்பதால் அவற்றைப் பட்டினி போடுவர். முயலுக்கு வாந்தி வராது. பட்டினி போட்டால் அதன் குடல் இயக்கம் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. எனவே முயலை நாயைப் போல் பட்டினி போடக் கூடாது. மனிதச் செவிலியர் பயிற்சி மட்டும் பெற்ற ஒருவருக்கு இத்தகைய வேறுபாடுகள் தெரிந்திருக்க வழியில்லை. தனிப் பயிற்சி தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் முடியை மழித்து, வெட்டு விழும் இடத்தில் தொடங்கி வெளிநோக்கித் தோலைத் தூய்மை செய்வர். கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியசில் 15 நிமிடமோ, அதனினும் உயர்ந்த வெப்பத்தில் குறைந்த நேரமோ வைத்துக் கிருமி நீக்குவர்.

இரண்டாவது, அறுவையின்போது. கை கழுவிய செவிலியர் கருவிகளை எடுத்துக் கொடுப்பார். கை கழுவாத மற்றொருவர் வெளியிலிருந்து தேவையானவற்றைக் கொண்டுவருவார். இரத்தத்தை ஒற்றும் பஞ்சுத் துணிகளைத் தொடக்கத்தில் எண்ண வேண்டும். தையல் போடும் முன் மீண்டும் எண்ண வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் வயிற்றை மூடக் கூடாது. மயக்கத்தைக் கண்காணிப்பவர் இமையின் அசைவு, விழியின் நிலை, தாடையின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்ப்பார். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, அறுவைக்குப் பின். சிறிய விலங்கின் உடல் வெப்பம் விரைவில் குறையும். தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாயை எடுத்த பின் மூச்சடைப்பு நேரலாம். தனக்கு வலிக்கிறது என்று விலங்கு சொல்லாது. அது படுக்கும் விதத்தையும் முகத்தையும் பார்த்து அறிவது செவிலியரின் கடமை.

சட்டம் தந்த இடம்

1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், விலங்கு மருத்துவத்தையும் அறுவையையும் பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியவை ஆக்கியது. 1991இல் அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டது. தகுதி பெற்ற செவிலியர், மருத்துவரின் வழிகாட்டுதலில், உடற்குழிக்குள் செல்லாத சிறு அறுவைகளைச் செய்யலாம் என்றாயிற்று. காயத்தைத் தைக்கலாம், வயிற்றைத் திறக்க முடியாது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பயிற்சி மாணவர்களையும் உரிய மேற்பார்வையுடன் இதற்குள் கொண்டுவந்தது. அறுவைப் பிரிவில் உயர்நிலைப் பட்டயப் படிப்பும் ஏற்பட்டது.

உரிமையுடன் பொறுப்பும் வந்தது. 2007இல் செவிலியருக்கெனப் பதிவேடு தொடங்கியது. 2011 முதல் தவறிழைத்தோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் முறை அமைந்தது. 2015இல் புதிய அரச பட்டயம் இவர்களை முறைப்படுத்தப்பட்ட தொழிலினராக ஏற்றது. எனினும், பயிற்சி பெறாத ஒருவர் தம்மைக் ‘கால்நடைச் செவிலியர்’ என்று சொல்லிக்கொள்வதை அப்போதும் சட்டம் தடுக்கவில்லை.

அமெரிக்காவில்

அமெரிக்காவிலும் இதே பெயர்ச் சிக்கல் எழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் டெல்லை என்னும் ஊரில் இருந்த கல்லூரி 1961இல் இத்துறையில் படிப்பைத் தொடங்கியது. அங்கே இவர்கள் ‘கால்நடை மருத்துவத் தொழில்நுட்பர்’ எனப்படுகின்றனர். 2017இல் அதைச் ‘செவிலியர்’ என்று மாற்ற அவர்களின் தேசியச் சங்கம் முயன்றது. மனிதருக்கான செவிலியர் அமைப்புகளின் எதிர்ப்பு முதலிய காரணங்களால் அம்முயற்சி நிறைவேறவில்லை.

முக்கியத்துவம்

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் மயக்க மருந்தும் கிருமித்தடுப்பும் வந்த பிறகு, அறுவை என்பது ஒருவர் தனியே செய்யக்கூடிய வேலையாக இல்லை. மேசையில் கிடக்கும் நாய் மீண்டும் எழுவதற்கு, அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் மற்றொருவரும் காரணம். அவரை என்ன பெயரால் அழைப்பது என்று முடிவு செய்யவே சங்கங்களுக்கும் சட்டங்களுக்கும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளிலும் அறுவை அரங்குகளில் மூச்சு எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.