உலையும் விமானமும்

கடனைக் கட்ட முடியாத கம்பெனி 2016ஆம் ஆண்டு திவால் சட்டப்படி தீர்ப்பாயத்தின் பிடிக்குள் வந்ததும், இயக்குநர் குழுவின் அதிகாரம் தீர்வு நிபுணரின் கைக்கு மாறிவிடும். தொழில் நிற்காமல் நடக்கப் பார்த்துக்கொள்வது அவருடைய தலையாய கடமை. எஸ்ஸார் ஸ்டீலுக்கும் ஜெட் ஏர்வேஸுக்கும் சட்டம் ஒன்றுதான். ஒன்று பிழைத்தது, மற்றது கலைப்புக்குப் போனது.

2017 ஆகஸ்டில் எஸ்ஸார் வழக்கு ஏற்கப்பட்டபோது, குஜராத்தின் ஹசிராவில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தாது வாங்கவும் மின்கட்டணம் கட்டவும் கூலி கொடுக்கவும் நிபுணருக்கு விற்பனை வரவு இருந்தது. வழக்கு நடக்கும்வரை எந்த வங்கியும் சொத்தில் கை வைக்கக் கூடாது என்ற தடை அவருக்கு அரணாக நின்றது. 270 நாளில் முடிய வேண்டியது இரண்டு ஆண்டைத் தாண்டியும் ஆலை தேயவில்லை. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட, ஆர்செலர் மிட்டல் ஏறத்தாழ 42,000 கோடி ரூபாய்க்கு அதை வாங்கியது.

ஜெட் கதை வேறு. அவசரக் கடன் கிடைக்காமல் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. தீர்ப்பாயம் வழக்கை ஏற்றது ஜூன் 20இல். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் குத்தகை விமானங்களை உரிமையாளர்கள் மீட்டுக்கொண்டார்கள். விமான நிலையங்களில் ஏற, இறங்க ஒதுக்கியிருந்த நேரங்கள் போட்டி நிறுவனங்களுக்குப் போயின. நிபுணருக்கு மிஞ்சியவை சில விமானங்கள், ஒரு பெயர், மலையளவு பாக்கி. 2021இல் ஒப்புதல் பெற்ற மீட்புத் திட்டம் நிறைவேறாமலே கிடந்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிட்டது.

இரண்டையும் அருகருகே வைத்தால், நிபுணரின் திறமையை அளப்பதற்கு முன் அவர் உள்ளே நுழைந்த தேதியைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஆலை மண்ணில் ஊன்றி நிற்பது, அதை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. விமான நிறுவனத்தின் மதிப்போ தினமும் பறப்பதில்தான் இருக்கிறது. ஜெட்டைப் பறக்கும்போதே தீர்ப்பாயத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கலாம் என்று கடன் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தது பெரும் பிழை.

எஸ்ஸாரையும் முழு வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை. சரக்கு கொடுத்தவர்களுக்கும் வங்கிகளுக்கு இணையான விகிதம் தர வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் குழுவில் அந்தச் சப்ளையர்களுக்கு ஓட்டு கிடையாது. ஜெட்டிலோ கலைப்புச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி அடமானம் பெற்ற வங்கிகளுக்குச் சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம் அதற்கும் அடுத்தபடிதான்.