பிங் என்ற சின்னக் கட்டளை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் என்றால் ஒரு காலத்தில் சைக்கிள், டயர், பிஸ்கட். இன்று அதே தொழிற்பேட்டைப் பக்கம் டேட்டா சென்டர்கள். அங்கே நைட் ஷிப்ட் பார்க்கும் என் மாணவர்கள் கறுப்புத் திரையில் தினமும் தட்டும் ஒரு சொல் "பிங்". அதன் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1983 டிசம்பர். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில் நெட்வொர்க் முரண்டு பிடித்தது. மைக் மூஸ் என்பவர் ஒரே இரவில் ஒரு புரோகிராம் எழுதினார். சுமார் ஆயிரம் வரி. இன்னொரு கணினிக்கு ஒரு சின்னச் செய்தி போகும், அது அப்படியே திரும்பி வரும், போய்வந்த நேரம் திரையில் தெரியும். அவ்வளவுதான். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் சத்தத்தையே பெயராக வைத்தார். அது ஏதோ ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் என்று சிலர் விளக்குவதை அவர் ஏற்கவில்லை. 2000-ல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42.

அவரே பதிவு செய்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓர் அலுவலகத்தில் கேபிள் ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தது. ஒருவர், பதில் வரும்போதெல்லாம் கணினி "பிங், பிங்" என்று உரக்கச் சொல்லும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வோர் இணைப்பாக ஆட்டிப் பார்த்தாராம். சத்தம் நின்ற இடத்தில் கோளாறு!

நம் நாட்டில் 1986-ல் எர்நெட் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் உண்டு. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டுமே வரும், படம் கிடையாது. கறுப்புத் திரை அன்றைய பிள்ளைகள் விரும்பித் தேர்ந்தெடுத்ததல்ல. கைக்கு எட்டியது அதுதான்.

2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கேபிள் வந்தது. நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர 6,400 கி.மீ.; கணக்குப் போடுங்கள், 32 மில்லி செகண்ட். பிங் 3 என்று காட்டினால் பதில் சொன்னவர் சிங்கப்பூரில் இருக்கவே முடியாது, பக்கத்தில்தான். எந்தக் கம்பெனி விளம்பரமும் ஒளியை முந்தாது.

ட்ரேஸ்ரூட் இதற்குத் தம்பி. 1980-களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் எழுதியது. முதல் செய்திக்கு ஒரு ஸ்டேஜ் டிக்கெட், அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று. டிக்கெட் தீர்ந்த இடத்தில் இறக்கிவிடும் கண்டக்டர் "இன்ன இடம்" என்று நமக்குச் சொல்லியனுப்புவார். வழி முழுதும் இப்படித் தெரிந்துவிடும்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நெட் வரவில்லை. பார்க்க வந்தவர், "மோடம் போச்சு, புதுசு 2,000 ரூபாய்" என்றார். அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து வேலை. உடனே பணத்தை எடுக்கப் போனாள். "இரும்மா" என்று மோடத்தின் எண்ணுக்கு பிங் கொடுக்கச் சொன்னேன். உடனே பதில் வந்தது. அதைத் தாண்டி எதுவும் போகவில்லை. கம்பத்தில் கேபிள் அறுந்திருந்தது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங், ஓர் இடைவெளி, 8.8.8.8 என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், எல்லோரும் வந்த எண்ணையும் ஊரையும் கமெண்ட்டில் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்போம்.